மருந்தே தெளிக்காத இடத்தில் எதிர்ப்பு மரபணு என்ன ஆகும்?

“களைக்கொல்லியைத் தாங்கும்படி உருவாக்கிய பயிருக்கு, மருந்தே தெளிக்காத இடத்தில் அந்த எதிர்ப்புத்திறன் வீண் சுமைதானே? அப்படியானால் அந்த மரபணு வயலைத் தாண்டிப் போனாலும் சில தலைமுறைகளில் தானாக மறைந்துவிடும் என்று நம்பலாமா?” இதுதான் நீங்கள் கேட்டது. முதல் வாக்கியம் உடலியங்கியல், இரண்டாவது வாக்கியம் சூழலியல். நடுவில் இருக்கும் “அப்படியானால்” என்ற சொல்தான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. சுமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இருக்கிற சுமை அந்த மரபணுவைத் துடைத்தெறியப் போதுமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆம் என்று பதில் வந்தால் இரண்டாவதற்கும் ஆம்தான் என்று படித்தவர்களே நினைத்துவிடுகிறார்கள்.

களைகளையும் பயிர்களின் காட்டு உறவுகளையும் பாத்திகளில் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்து, எது எத்தனை விதை வைத்தது என்று எண்ணிக்கொண்டே பல ஆண்டுகள் கழித்தவன் நான். என் அனுபவம் பாத்தியும் தொட்டியும் சார்ந்தது. மூலக்கூறு அளவிலான விவரங்களைப் பிறர் ஆய்வுகளைப் படித்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். உயிரியலில் ஃபிட்னஸ், அதாவது ‘தகுதி’ என்பது, ஒரு செடி அடுத்த தலைமுறைக்கு எத்தனை வாரிசுகளை விட்டுச் செல்கிறது என்பதன் அளவு. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கு அதில் வராது. விவசாயியின் மகசூலும் செடியின் தகுதியும் பல இடங்களில் எதிரெதிர்த் திசையில் போகின்றன. முற்றிய விதை உதிராமல் கதிரிலேயே நிற்பது நமக்கு நல்லது, காட்டில் வாழவேண்டிய செடிக்குக் கேடு. விதைத்த எல்லா விதையும் ஒரே வாரத்தில் முளைப்பது நமக்கு வசதி, ஆனால் ஒரே ஒரு வறண்ட வாரம் வந்தால் காட்டுச் செடியின் வம்சமே போய்விடும். ஆகவே “எதிர்ப்பு ரகம் ஐந்து சதவீதம் குறைவாக விளைந்தது” என்ற செய்தியை “ஐந்து சதவீதத் தகுதி இழப்பு” என்று பெயர்த்துக்கொள்ளக் கூடாது. ஒன்று மற்றொன்றுக்கு அறிகுறியாக இருக்கலாம், அவ்வளவுதான்.

சந்தேகத்துக்கு இடமில்லாத உதாரணம் ட்ரையசின் எதிர்ப்பு. ட்ரையசின் என்பது ஒரு களைக்கொல்லிக் குடும்பம், அட்ரசின், சிமசின் எல்லாம் இதில் சேரும். 1968இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில், செனீசியோ வல்காரிஸ் என்ற சாதாரணக் களை இந்த மருந்துகளுக்குச் சாகாமல் நின்றது. பத்தாண்டுகளாக ஆண்டுதோறும் அதே மருந்தைத் தெளித்துவந்த இடம் அது. இந்த எதிர்ப்புக்குக் காரணம், ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தில் (குளோரோபிளாஸ்ட்) இருக்கும் ஒரு மரபணு என்பது பின்னர் தெரிந்தது. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் டி1 என்ற புரதத்தில் 264ஆம் இடத்தில் செரின் இருக்க வேண்டும், இந்தச் செடிகளில் அங்கே கிளைசின் இருந்தது. செரின் இருந்தால்தான் மருந்து அந்தப் புரதத்தில் உள்ள குழியில் ஒட்டிக்கொள்ளும், கிளைசினில் பிடிப்பு இல்லை. சிக்கல் என்னவென்றால், அதே குழியில்தான் எலக்ட்ரானைச் சுமந்து செல்லும் குவினோன் மூலக்கூறும் வந்து உட்கார வேண்டும். திருடனுக்காகப் பூட்டை மாற்றியதில் வீட்டுக்காரனின் சாவியும் சரியாகத் திரும்பாமல் போன கதை. எலக்ட்ரான் ஓட்டம் மந்தமாகி, ஒளிச்சேர்க்கை குறைந்து, செடி சிறுத்து, விதையும் குறைகிறது. பல களைகளில் அளந்தபோது இழப்பு பத்து சதவீதத்திலிருந்து பாதி வரை இருந்தது.

இது பயிருக்குள் வந்த விதமும் சுவையானது. கனடாவின் மக்காச்சோள வயல்களில் ட்ரையசினுக்குச் சாகாத பிராசிகா ரேப்பா என்ற களைக் கடுகு கிடைத்தது. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் அதைத் தாயாக வைத்து, கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரோடு மீண்டும் மீண்டும் கலந்து (இதுதான் பிற்கலப்பு), அந்தப் பசுங்கணிகத்தைப் பயிருக்குள் கொண்டுவந்தார்கள். 1984இல் ‘ஓஏசி ட்ரைட்டன்’ ரகம் வெளிவந்தது. சாதாரண ரகங்களோடு ஒப்பிட்டால் இருபது முப்பது சதவீதம் விளைச்சல் குறைவு, எண்ணெயும் குறைவு. கனடாவில் 1990களின் நடுவில் வேறு களைக்கொல்லிகளைத் தாங்கும் கனோலா வந்ததும் இதைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் இதே வகைக் கனோலா நீண்ட காலம் பெரும்பாலான பரப்பைப் பிடித்திருந்தது. காட்டு முள்ளங்கியை வேறு வழியில் அடக்க முடியாத வயல்களில், செடியின் பலவீனத்தைப் பொறுத்துக்கொள்வதே விவசாயிக்கு லாபமாக இருந்தது. இவ்வளவு சுமை உள்ள செடியும் லட்சக்கணக்கான ஹெக்டேரில் நிற்க முடியும், அதன் சார்பில் மருந்துத் தெளிப்பான் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் வரை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பசுங்கணிக மரபணு தாய்வழியே விதையில் போகும், மகரந்தத்தோடு அநேகமாகப் போகாது. ஆக, இழப்பு மிகத் தெளிவாக நிரூபணமான எதிர்ப்புதான் காற்றிலும் தேனீயிலும் ஏறிப் பக்கத்துச் செடிக்குப் போவதில் மிகச் சோம்பேறி. நாம் பயப்படும் மற்ற மரபணுக்கள் உட்கருவில் இருக்கின்றன, மகரந்தத்தோடு தாராளமாகப் பயணம் செய்கின்றன. அவற்றின் இழப்பு இந்த அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது ஏஎல்எஸ் நொதி. வாலின், லூசின், ஐசோலூசின் ஆகிய அமினோ அமிலங்களைச் செய்ய உதவுவது இது. சல்ஃபோனைல்யூரியா, இமிடசோலினோன் வகை மருந்துகள் இதை அடைக்கின்றன. இந்த மருந்துகள் நொதியின் வேலை நடக்கும் மையத்திலேயே ஒட்டுவதில்லை, அந்த மையத்துக்குப் போகும் வழியை மறிக்கின்றன. அதனால் வழியோரத்தில் ஒரு அமினோ அமிலம் மாறினாலும் நொதி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இழப்பே தெரியாத பல சடுதிமாற்றங்கள் இந்த நொதியில் கிடைப்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எல்லாம் அப்படி இல்லை. 574ஆம் இடத்தில் ட்ரிப்டோஃபன் போய் லூசின் வந்த அமராந்தஸ் பவெல்லி என்ற கீரைக் களையில் தண்டும் வேரும் மெலிந்து, இலைகள் தாமதமாக வந்ததைக் கனடாவில் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 1996இல் ஜாய் பெர்கெல்சன் குழுவினர் நடத்திய வயல் சோதனை இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. குளோர்சல்ஃபியூரான் என்ற சல்ஃபோனைல்யூரியா மருந்தைத் தாங்கும் ஏஎல்எஸ் மரபணுவைச் சேர்த்த செடிகள், மருந்து தெளிக்காத நிலையில் 34 சதவீதம் குறைவாக விதை வைத்தன. மரபணுவைச் செருகும் செயலே காரணமாக இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, எதிர்ப்பு மரபணு இல்லாத வெற்றுத் துண்டைச் செருகிய செடிகளையும் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். அதனால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

அதே குழுவினர் 1998இல் சொன்னது இன்னும் விசித்திரம். அராபிடாப்சிஸ் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் செடி. ஆனால் அந்த மரபணுவைப் புதிதாகச் செருகிய செடிகளின் மகரந்தம், அதே மாற்றத்தைச் சடுதிமாற்றத்தால் பெற்ற செடிகளின் மகரந்தத்தைவிடச் சுமார் இருபது மடங்கு அதிகமாகப் பக்கத்துச் செடிகளுக்குப் போயிருந்தது. ஏன் என்பதற்கு நிறைவான விளக்கம் அந்தக் கட்டுரையில் இல்லை. இதை எல்லா மரபணு மாற்றச் செடிக்கும் பொதுவாக்குவது தவறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: விதை குறைந்தது, மகரந்தத்தின் பயணம் கூடியது. தகுதி என்பது தாயாகப் பெற்ற பிள்ளைகள் மட்டுமல்ல, தந்தையாகப் பெற்றவையும் சேர்ந்ததுதான். விதையை மட்டும் எண்ணுகிற என்னைப் போன்றவர்கள் கணக்கில் பாதியைத்தான் பார்க்கிறோம்.

இனி, ரவுண்டப் என்ற பெயரில் விற்கும் கிளைபோசேட் களைக்கொல்லி. உங்கள் கேள்வியின் மையம் இங்கேதான் என்று நினைக்கிறேன். ட்ரிப்டோஃபன் போன்ற அமினோ அமிலங்களைச் செய்ய உதவும் ஈபிஎஸ்பிஎஸ் என்ற நொதியை இந்த மருந்து தடுக்கிறது. பயிரில் எதிர்ப்பைக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு: இருக்கிற நொதியை மாற்றுவது, அல்லது இருப்பதை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்றைக் கூட்டுவது. 1996இல் விற்பனைக்கு வந்த ரவுண்டப் ரெடி சோயாவில் அக்ரோபாக்டீரியம் சிபி4 என்ற பாக்டீரியாவின் நொதியைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். சோயாவின் சொந்த நொதி தொடாமல் இருந்தது. மாற்றியதா, கூட்டியதா என்ற இந்த வேறுபாடு இழப்பைக் கணிப்பதில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. ஜிஏ21 என்ற மக்காச்சோளத்தில், 102ஆம் இடத்திலும் 106ஆம் இடத்திலும் மாற்றிய மக்காச்சோள நொதியையே கூடுதல் பிரதியாகச் செருகினார்கள். பயிர் நன்றாகவே விளைந்தது. பின்னர் மலேசியாவில், கேழ்வரகின் நெருங்கிய காட்டு உறவான எலூசின் இண்டிகாவில் அதே இரட்டை மாற்றம் இயற்கையாகவே தோன்றியதை 2015இல் வெளியிட்டார்கள். அந்தக் களையில் இரண்டு பிரதிகளுமே மாறிய செடிகள் மருந்தை அலட்சியமாகத் தாங்கின, ஆனால் வளர்ச்சியிலும் விதையிலும் மிகவும் பின்தங்கின. மாறிய நொதி தன் வழக்கமான வேலையில் மந்தமானது. களையில் அதைத் தவிர வேறு கதியில்லை, மக்காச்சோளத்திலோ பழைய நொதி பின்னணியில் உழைத்துக்கொண்டிருந்தது. ஒரே மாற்றம் ஒரு செடியில் ஊனம், இன்னொரு செடியில் ஒன்றுமே இல்லை.

அப்படியானால் கூட்டுவதால் இழப்பே இல்லையா? நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் எல்மோர் குழுவினர் 2001இல் வெளியிட்ட சோதனையில், கிளைபோசேட்டைத் தாங்கும் சோயா வரிசைகள் (வம்சங்கள்), எதிர்ப்பு மரபணு இல்லாத தம் சகோதர வரிசைகளைவிடச் சுமார் ஐந்து சதவீதம் குறைவாக விளைந்தன. குறைவு உண்மை, காரணம்தான் திறந்து கிடக்கிறது. புது நொதியா, செருகிய இடமா, செருகிய துண்டோடு ஒட்டிக்கொண்டு வந்த அண்டை மரபணுக்களா என்பதை அந்தச் சோதனையின் அமைப்பால் பிரிக்க முடியாது. அதே நொதியை வேறு இடத்தில் செருகிய இரண்டாம் தலைமுறைச் சோயா 2009இல் வந்தது, கூடுதல் விளைச்சல் என்று சொல்லித்தான் விற்றார்கள். விற்பவர் வாக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நொதியைவிட இடமே பெரிய காரணமாக இருக்கலாம் என்ற ஊகம் நியாயமானது.

எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கிய சோதனை ஷாங்காயிலுள்ள ஃபூதான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. லூ பாவோராங் குழுவினர், நெல்லின் சொந்த ஈபிஎஸ்பிஎஸ் மரபணுவை மிகையாக வேலைசெய்யும்படி வைத்த ஒரு நெல்லைக் களை நெல்லோடு கலந்தார்கள். அந்தக் கலப்பின் வழித்தோன்றல்களை மருந்தே தெளிக்காமல் வளர்த்தபோது, எதிர்ப்பு மரபணு பெற்ற செடிகள் பெறாதவற்றைவிட 48 முதல் 125 சதவீதம் அதிகமாக விதை வைத்தன. ட்ரிப்டோஃபன் அளவும் ஒளிச்சேர்க்கை வேகமும் கூடியிருந்தன. சுமை என்று நினைத்தது உரம்போல் வேலை செய்திருக்கிறது. இது ஒரு குறிப்பிட்ட மரபணு வடிவம், சில களை நெல் கூட்டங்கள், பாத்திச் சூழல். சிபி4 மரபணுவுக்கும் இது பொருந்தும் என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள். ஆனால் “எதிர்ப்பு என்றால் இழப்பு” என்பதை விதியாக எழுத இனி யாருக்கும் உரிமையில்லை. களைகளிலும் இதற்கு இணை உண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் பால்மர் அமராந்த் களை, இதே மரபணுவை ஐந்து முதல் நூற்றறுபதுக்கும் மேற்பட்ட பிரதிகளாகப் பெருக்கிக்கொண்டு கிளைபோசேட்டை வென்றது 2010இல் வெளியானது. இத்தனை பிரதிகளுக்கும் புரதம் செய்வது பெரும் செலவாயிற்றே என்று எல்லோரும் நினைத்தோம். அளந்தவர்கள் கையில் குறிப்பிடும்படியான இழப்பு எதுவும் சிக்கவில்லை.

இதுவரை சொன்னது செடிக்குள் நடப்பது. சூழலியல் இழப்பு என்று தனியாகச் சொல்வது வேறு வகை: செடி தனியாக நின்றால் தெரியாது, மூன்றாவது ஆள் ஒருவர் வந்தால்தான் வெளிப்படும். அந்த மூன்றாவது ஆள் பூச்சியாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், பக்கத்துச் செடியாக இருக்கலாம், ஒரு குளிர்ந்த வாரமாகவும் இருக்கலாம். ஆரோன் காஸ்மன் அமராந்தஸ் ஹைப்ரிடஸ் செடியில் 2005 வாக்கில் காட்டியது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ட்ரையசின் எதிர்ப்புள்ள செடிகள் ஏற்கெனவே சற்றுப் பின்தங்கியவை, இலை தின்னும் வண்டுகளை விட்டபோது அந்த இடைவெளி இன்னும் விரிந்தது. கோச்சியா என்ற களையில் சல்ஃபோனைல்யூரியாவை எதிர்க்கும் விதைகள் குளிரிலும் சீக்கிரம் முளைத்ததை 1990களில் மொன்டானாவில் கண்டார்கள். முந்தி முளைப்பது வரமா சாபமா? இடம் காலியாக இருந்தால் வரம். விதைப்புக்கு முன் உழுகிற வயலில், முந்தி முளைத்தது எல்லாம் கலப்பைக்கு இரை. ஒரே பண்பு, ஒரு வயலில் ஆதாயம், வரப்புக்கு அந்தப் பக்கம் இழப்பு. கண்ணாடிக்கூடத்தில், நல்ல மண்ணில், பூச்சி இல்லாமல் வளர்த்துவிட்டு “இழப்பு இல்லை” என்று எழுதும் அறிக்கைகளை நான் பாதி மனதோடுதான் படிக்கிறேன்.

அளவிடுவதில் நான் பட்ட அனுபவம் ஒன்று. ஆரம்ப காலத்தில் எதிர்ப்புள்ள ஒரு வரிசையையும் இல்லாத ஒன்றையும் ஒப்பிட்டோம். எதிர்ப்புள்ளது குட்டையாக, விதை குறைவாக இருந்தது. அழகான முடிவு, படம் எல்லாம் வரைந்தாயிற்று. பிறகுதான் விதைப் பையில் எழுதியிருந்த ஆண்டைப் பார்த்தேன். எதிர்ப்பு வரிசையின் விதை மூன்று ஆண்டு பழையது, மற்றது போன பருவத்தில் எடுத்தது. இரண்டையும் ஒரே பருவத்தில் ஒரே பாத்தியில் பெருக்கி, அந்த விதையை வைத்து மறுபடி செய்ததில் வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. நாங்கள் அளந்தது கிழட்டு விதையின் முளைப்பு வேகத்தை. வெவ்வேறு இடங்களில் சேகரித்த எதிர்ப்புக் களையையும் சாதாரணக் களையையும் ஒப்பிட்ட பழைய ஆய்வுகள் பலவற்றில் இதே வகைச் சிக்கல் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் எதிர்ப்பு மரபணுவைத் தவிர இன்னும் எத்தனையோ மரபணுக்கள் வேறுபடும். மார்ட்டின் விலா-ஐயூப், பால் நீவ், ஸ்டீஃபன் பவுல்ஸ் மூவரும் 2009இல் எழுதிய திறனாய்வு, மரபணுப் பின்னணியை ஒழுங்காகக் கட்டுப்படுத்தாத ஒப்பீடுகளை நம்பக் கூடாது என்று கறாராகச் சொன்னது. அதற்குப் பிறகுதான் துறையே கொஞ்சம் திருந்தியது.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பாத்திச் சோதனையில் ஒரே ரகத்தின் பாத்திகளுக்குள்ளேயே பன்னிரண்டு சதவீதம் ஏற்ற இறக்கம் இருப்பது சாதாரணம். அந்த நிலையில் வழக்கமான நான்கு மறுசெய்கைகளை, அதாவது ஒவ்வொரு வகைக்கும் நான்கு பாத்திகளை வைத்தால், ஏறத்தாழக் கால் பங்குக்கு மேல் இழப்பு இருந்தால்தான் நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியும். ஐந்து சதவீத இழப்பைப் பிடிக்கத் தொண்ணூறு மறுசெய்கை வேண்டும். யார் தொண்ணூறு வைக்கிறார்கள்? ஆகவே “புள்ளியியல்படி வேறுபாடு இல்லை” என்ற வாக்கியத்தை “இழப்பு இல்லை” என்று படிக்காதீர்கள். பெரிய இழப்பு இல்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள்.

இப்போது உங்கள் இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். தானாக மறையுமா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு முறை மருந்து தெளிக்கிறீர்கள், சாதாரணச் செடிகளில் 95 சதவீதம் சாகின்றன, எதிர்ப்புச் செடிகள் பிழைக்கின்றன. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஒரே நாளில் இருபது மடங்கு எதிர்ப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது. பிறகு மருந்தையே தொடவில்லை, எதிர்ப்புச் செடிக்குத் தலைமுறைக்கு ஐந்து சதவீத இழப்பு என்று வையுங்கள். பழைய விகிதத்துக்குத் திரும்ப 58 தலைமுறை ஆகும். ஓராண்டுச் செடியானால் 58 ஆண்டு. முப்பது சதவீத இழப்பு என்றால் எட்டொன்பது ஆண்டு. ஒரு சதவீதம் என்றால் ஏறக்குறைய 300 ஆண்டு. இதுவும் இழப்பு ஒளியாத நிலையில்தான். அரிதாக இருக்கும் மரபணு பெரும்பாலும் ஒற்றைப் பிரதியாகவே செடிகளில் இருக்கும். இரண்டு பிரதி இருந்தால் மட்டும் தெரியும் இழப்பு என்றால், எலூசின் களையில் பார்த்ததுபோல, ஒற்றைப் பிரதிச் செடிகளுக்குள் அது பத்திரமாகப் பதுங்கிக்கொள்ளும். மண்ணுக்குள் உறங்கும் விதைகளைச் சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும். நடுவில் யாராவது ஒரே ஒரு முறை தெளித்துவிட்டால் மீட்டர் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடும்.

வெளியில் நடந்தவை இந்தக் கணக்கோடு எப்படி ஒத்துப்போகின்றன? பிரிட்டனில் மிக் கிராலி குழுவினர் 1990இல் தொடங்கிப் பத்தாண்டுகள், மரபணு மாற்றிய கனோலா, மக்காச்சோளம், சர்க்கரை பீட், உருளைக்கிழங்கு நான்கையும் அவற்றின் சாதாரண ரகங்களையும் பன்னிரண்டு வகை இயற்கை வாழிடங்களில் விதைத்துப் பார்த்தார்கள். முதல் மூன்றும் களைக்கொல்லியைத் தாங்குபவை, உருளை பூச்சியைத் தாங்குவது. நான்கு ஆண்டுக்குள் முதல் மூன்றும் எல்லா இடங்களிலும் அழிந்தன, மாற்றியதும் மாற்றாததும் ஒன்றுபோல. பத்தாம் ஆண்டில் ஒரே ஒரு இடத்தில் உருளைக்கிழங்கு மிஞ்சியது, அதுவும் சாதாரண ரகம். இதை எதிர்ப்பு மரபணுவின் இழப்புக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு, அது தவறான வாசிப்பு. பயிராக இருப்பதே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாம் செடியின் முதுகில் ஏற்றிய பெரிய சுமை. அதன் முன்னால் ஒரு களைக்கொல்லி மரபணுவின் எடை கண்ணுக்கே தெரியாது.

அதனால் மரபணு பயிரை விட்டு நன்றாக வாழத் தெரிந்த காட்டு உடலுக்குள் புகும்போதுதான் உங்கள் கேள்விக்கு உயிர் வருகிறது. ஆலிசன் ஸ்னோ குழுவினர் 1999இல், குளூபோசினேட் என்ற இன்னொரு களைக்கொல்லிக்கான எதிர்ப்பைக் கனோலாவிலிருந்து பிராசிகா ரேப்பா களைக்குப் பிற்கலப்பால் மாற்றி அளந்தபோது இழப்பு மிக அற்பமாக இருந்தது. கியூபெக்கில் சூசன் வார்விக் குழுவினர் ஒரு வயலோரக் களைக் கூட்டத்தைத் தொடர்ந்து பார்த்தார்கள். கிளைபோசேட் எதிர்ப்புள்ள கலப்பினங்கள் 2002இல் இருநூற்றுக்கு 85ஆக இருந்து 2005இல் ஐந்தாகச் சரிந்தன. சரிவுக்கு எதிர்ப்பு மரபணுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, கலப்பினம் என்பதால் வரும் பலவீனமே பெரும் பங்காக இருக்கலாம். ஆனால் மருந்து தெளிக்காத அந்த ஆண்டுகளுக்குப் பிறகும் மரபணு முழுதாகப் போய்விடவில்லை. களையின் குரோமோசோம்களோடு நன்றாகக் கலந்துவிட்ட ஒரு செடியும் அகப்பட்டது. என் கவலை அந்த ஒரு செடியைப் பற்றியது. பயிரே பாதிக் காட்டுச் செடியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஓரிகனில் 2003இல் கோல்ஃப் மைதானங்களுக்காகச் சோதித்த, கிளைபோசேட்டைத் தாங்கும் பென்ட்கிராஸ் புல்லின் மகரந்தம் 21 கிலோமீட்டர் வரை போனதாக அளந்தார்கள். பல்லாண்டு வாழ்ந்து, காற்றில் மகரந்தம் விட்டு, ஓடுதண்டால் படரும் புல் அது. பாசனக் கால்வாய்க் கரைகளில் வேரூன்றிவிட்டது, பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தும் தீரவில்லை.

ஆகவே, உங்கள் “நம்பலாமா”வுக்கு: ட்ரையசின் வகைக்கு ஓரளவு நம்பலாம். பயிரின் உடலுக்குள்ளேயே இருக்கும்வரை எந்த மரபணுவுக்கும் பெரும்பாலும் நம்பலாம், ஆனால் அது மரபணுவின் இழப்பால் அல்ல. உட்கருவில் இருந்து, கூடுதல் பிரதியாகச் சேர்ந்து, காட்டு உறவுக்குள் போய்விட்ட மரபணுவை, இழப்பு வந்து துடைக்கும் என்று நான் நம்பமாட்டேன்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்க நினைத்தால் ஒரு யோசனை. எதிர்ப்புச் செடியையும் சாதாரணச் செடியையும் கலந்து, அந்தக் கலப்பின் இரண்டாம் தலைமுறையில் ஒரே தாயிடமிருந்து வரும் விதைகளை எடுங்கள். அவற்றில் எதிர்ப்புள்ளவையும் இல்லாதவையும் தாமாகவே பிரிந்து நிற்கும், பின்னணியும் சராசரியாக ஒன்றாகிவிடும். எது எது என்று தெரிந்துகொள்ள மருந்து தெளிக்காதீர்கள், தெளித்தால் சோதனை அங்கேயே முடிந்தது. ஓர் இலைத் துண்டைக் கிள்ளி மருந்துக் கரைசலில் போட்டுப் பாருங்கள். தனித்தனித் தொட்டி வேண்டாம், வேறு ஏதாவது பயிரின் நெருக்கத்துக்கு நடுவில் வளருங்கள். மறுசெய்கைகளை உங்களால் தாங்க முடிந்த அளவுக்குக் கூட்டுங்கள். விதைப் பையில் ஆண்டை எழுத மறக்காதீர்கள்.